அடுக்களை அலமாரி நிர்ணயம்

தருவைகுளம் என்னும் பெயரை முதன்முதலில் காகிதத்திலே காணுகிற எந்த அரைகுறை வடமொழிப் பயிற்சிக்காரனுக்கும் ஒரு விபரீத உற்சாகம் பிறப்பது இயல்பு. 'தரு' என்றால் மரம். 'வை' என்பது வைப்பாயாக என்னும் ஏவல். ஆகவே மரத்தினால் ஒன்றைச் செய்து அதன்மேல் சட்டிபானைகளை வைப்பாயாக என்று பூர்விகர்கள் கட்டளையிட்டே இவ்வூருக்குப் பெயர் சூட்டினார்கள் என்றும், அடுக்களை மரவேலையைப் பற்றிய சாஸ்திரம் முழுவதும் இந்த ஆறெழுத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது என்றும் முடிவுகட்டிக்கொண்டு நானும் சில நாள் நிம்மதியாகத் திரிந்ததுண்டு. பிறகு ஊர்ப் பெரியவர் ஒருவர், வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, தென்சீமையிலே மழைத்தண்ணீர் தானாகவே வந்து தேங்குகிற பள்ளமான நிலத்துக்குத் தருவை என்று பேர் என்பதை எடுத்துச் சொன்னார். தருவையும் நீர்நிலை, குளமும் நீர்நிலை. ஆக, ஊரின் பெயரில் மரம் மருந்துக்கும் இல்லை. தண்ணீர்தான் இருக்கிறது, அதுவும் இரண்டு தடவை இருக்கிறது. என் சொல்லாராய்ச்சி இவ்வண்ணம் ஜலசமாதி அடைந்த போதிலும், இந்த இரட்டைத் தண்ணீரைப் படிப்பவர்கள் மறந்துவிட வேண்டாம். வழக்கின் தீர்ப்பு அதில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது.

வழக்கு இதுதான். தூத்துக்குடிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால், உப்பளங்களுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே இருக்கிற அந்த ஊரில் என் தமையனார் ஒரு வீடு கட்டினார். தளம் போட்டு, தரை போட்டு, சாயம் பூசி, குருவானவரை அழைத்து வீடும் மந்திரித்தாகிவிட்டது. அடுக்களையில் மட்டும் மேடையின் கீழும் சுவரின் மேலும் வெறுமையாகக் கிடந்தது. நகரத்துக் கடையில் அடுக்கிவைத்திருக்கும் ரெடிமேட் அலமாரிகளை வாங்கி மாட்டிவிடலாம் என்பது தமையனார் கட்சி. ஊர் ஆசாரியைக் கொண்டு மரத்திலே செய்விக்க வேண்டும் என்பது மைனியின் தகப்பனார் கட்சி. இரண்டு கட்சிக்கும் இடையில் ஒரு வாரம் அந்த வீட்டில் மீன்குழம்பு மௌனமாகவே பரிமாறப்பட்டது. கடைசியில், "படிச்சவன்தானே, நீ சொல்லு" என்று வழக்கு என்னிடம் வந்தது. படித்தவனுக்குச் சொல்லத் தெரியாது, எழுதத்தான் தெரியும். அதனாலேயே இந்த நிர்ணயம்.

முதலில் சொற்களைச் சுத்தி செய்துகொள்வது தர்க்க மரபு. 'அலமாரி' என்று நாம் வாய் நிறையச் சொல்லுகிறது போர்த்துகீசியருடைய 'அர்மாரியோ'. அதைப் பூட்டுகிற சாவி அவர்களுடைய 'ஷாவே'. பக்கத்தில் இருக்கும் மேசை அவர்களுடையது. மேசைமேல் வெளிச்சம் விழுகிற ஜன்னல் அவர்களுடையது. இலங்கைத் தமிழர் இன்றைக்கும் அடுக்களையைக் குசினி என்கிறார்களே, அதுவும் அவர்களுடைய 'கொசீஞ்ஞா'தான் என்பார்கள். 1542-ல் சவேரியார் இந்தக் கரைக்கு வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னமேயே போர்த்துகீசியர் வந்து சேர்ந்துவிட்டார்கள். முத்தின்மேல் கண்ணாக வந்தவர்கள் முத்தை எடுத்துக்கொண்டு அலமாரியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று, அலமாரி நிற்கவில்லை.

அதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று ஆராயப் புகுந்தால் உறி, பரண், மாடக்குழி, குலுக்கை, அஞ்சறைப்பெட்டி ஆகியவை வரிசையாக வந்து சாட்சி சொல்லுகின்றன. இவற்றுள் மூடி உள்ளவை உண்டு, கதவு உள்ளது ஒன்றும் இல்லை. நம் முன்னோர் பூனையை உயரத்தினால் வென்றார்கள். நாம் கதவினால் வெல்லப் பார்க்கிறோம். உயரம் என்பது ஒருபோதும் தொங்கிப்போகாது, துருப்பிடிக்காது, கீல் கேட்காது. கதவு வந்த நாளிலிருந்துதான் கீல் வந்தது, கீலுக்குத் திருகாணி வந்தது, திருகாணி பிடிப்பதற்கு நல்ல மரம் வேண்டும் என்னும் பிரச்சினையும் வந்தது. இந்தக் காரண காரியத் தொடர்ச்சியைக் கண்டுபிடித்த இடத்தில் எனக்கே என்மேல் சிறிது மரியாதை உண்டாயிற்று.

இனிப் பூர்வபக்ஷம், அதாவது தமையனார் கட்சி. ரெடிமேட் அடுக்களையின் வம்சாவளியைத் தேடிப் போனால் அது 1926-ம் வருஷத்து ஜெர்மனியிலே, பிராங்க்பர்ட் நகரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்புகளுக்கென்று, மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ரயிலின் சமையல் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள ஓர் அறைக்குள் சமையலின் சகல காரியங்களையும் அடக்கி ஒரே அச்சாக வார்த்துக் கொடுத்தார். சுமார் 10,000 வீடுகளுக்கு அது போயிற்று. மாவில் புழு விழாமல் இருக்க மாவு இழுப்பறையை ஓக் மரத்தில் செய்யச் சொன்ன நுட்பத்தைப் பார்க்கும்போது, அம்மையாருக்கு அடுக்களையில் அரை நூற்றாண்டுப் பழக்கம் இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். அதை வரைந்த காலத்தில் தாம் சமைத்ததே இல்லை என்று அவரே பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். எங்கள் அண்ணனுக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர் மிகவும் தெம்படைந்தார், அவரும் சமைத்ததில்லை.

முப்பது வருஷம் கழித்து, 1956-ல், சுவீடன் தேசத்து ஐக்கியா நிறுவனத்தில் ஒருவர் மேசையொன்றைக் காரில் ஏற்ற முடியாமல் அதன் கால்களைக் கழற்றினார் என்றும், அன்று முதல் மரச்சாமான்களைத் தட்டையாகக் கட்டி விற்கும் வழக்கம் அங்கே பரவிற்று என்றும் சொல்லுகிறார்கள். கழற்றிய காலைத் திரும்ப மாட்டுகிற பொறுப்பு அன்றைக்கே வாங்குகிறவன் தலையில் விழுந்துவிட்டது. நம் பக்கத்தில் அவ்வளவு தூரம் மோசமில்லை. கடையிலிருந்து இரண்டு பையன்கள் துளைக்கும் மெஷினோடு வந்து, காலையில் தொடங்கி மாலைக்குள் மாட்டிவிட்டு, டீயும் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: ரெடிமேடுக்கு உள்ள குணங்கள் சாமானியமானவை அல்ல. சொன்ன நாளில் வண்டி வருகிறது. பணம் கொடுக்கும் முன்னே பொருளைக் கண்ணால் பார்த்து, கையால் தடவி, கதவை நாலு தடவை திறந்து மூடி, அது சத்தமில்லாமல் தானே மெதுவாகப் போய் ஒட்டிக்கொள்ளுகிற அதிசயத்தைக் குழந்தைகளுக்கும் காட்டலாம். குற்றம் ஒன்றே: அது, அடுக்களைகள் எல்லாம் சதுரமானவை என்னும் நம்பிக்கையின்மேல் செய்யப்பட்டது. கொத்தனாரும் கடவுளும் அப்படி ஒரு வாக்குறுதி யாருக்கும் கொடுத்ததாகத் தெரியவில்லை. எங்கள் அண்ணன் வீட்டு அடுக்களையின் ஈசானிய மூலையை மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது அது அகன்று விரிந்து நின்றது. பெட்டியை அதில் பொருத்தினால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே மூன்று விரற்கடை சந்து விழும். அந்தச் சந்து கடைக்காரருடைய படத்தில் இராது. கரப்பான்பூச்சிக்கு மாத்திரம் அது தெரியும்.

சதுரம் கிடக்கட்டும். இப்போது இரட்டைத் தண்ணீருக்கு வருவோம்.

உப்பு என்பது வெறும் ருசி அல்ல. அது ஒரு தாகம். காற்றிலுள்ள ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கசிந்து கரையத் தொடங்குகிறது. அளத்திலிருந்து அள்ளிய உப்பிலே மக்னீசியம் குளோரைடும் ஒட்டிக்கொண்டு வருவதால் அதற்கு வெகு முன்னமே அது நசநசக்கும். கடற்கரை ஊரில் இந்த உப்பு ஜாடியில் மட்டும் இருப்பதில்லை. காற்றோடு வந்து கம்பியிலும் கீலிலும் பலகையின் விளிம்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொள்ளுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ராத்திரி முழுவதும் தண்ணீர் குடிக்கிறது. ரெடிமேட் பெட்டிகளுள் மலிவானவை மரத்தூளையும் மரச்சில்லையும் பசையில் குழைத்து அழுத்திய பலகைகள். மேலே ஒட்டிய தாள் தண்ணீரைத் தடுக்கும், விளிம்பு தடுக்காது. அனுமானப் பிரமாணத்தின்படியே அந்த உப்பும் இந்தப் பலகையும் சந்தித்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம். எனக்கோ பிரத்யக்ஷப் பிரமாணமே உண்டு.

சில வருஷங்களுக்கு முன் தூத்துக்குடியில் நான் குடியிருந்த வீட்டில், பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே அப்படிப்பட்ட பெட்டி ஒன்றை ஆசையாக வாங்கி வைத்தேன். முதல் ஐப்பசி கழிந்தது, ஒன்றும் இல்லை. கார்த்திகையில் அடிப்பலகையின் ஓரம் லேசாக உப்பிற்று. தை பிறப்பதற்குள் அது டீயில் முக்கிய ரஸ்க்கைப் போலப் பருத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த நாடா உரிந்து சுருண்டுகொண்டது. ஒருநாள் கதவைத் திறந்தேன்; கதவு என் கையோடு வந்துவிட்டது. கீலைப் பிடித்திருந்த திருகாணிகள், புட்டுமாவைப் போன்ற ஒரு தூளைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே வந்திருந்தன. அதே துளையில் மறுபடி முடுக்கினால் பிடிக்காது என்பதையும் அன்றைக்கே கற்றுக்கொண்டேன். கடைக்குத் தெரிவித்தபோது, "தண்ணி படக்கூடாது சார்" என்று மிகவும் பணிவாகச் சொன்னார்கள். தண்ணீர் படாமல் பாத்திரம் கழுவும் வித்தையை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் அண்ணன் கட்சியார் ஓர் ஆட்சேபம் எழுப்புவார்கள்: தூள்பலகையை யார் கேட்டது, மரைன் பிளைவுட் இருக்கிறதே? ஆட்சேபம் கனமானது. கடைத்தெருவில் '710' என்று ஒரு எண்ணைச் சொல்லி விற்கிறார்களே, அது இந்தியத் தர நிர்ணயத்தின் எண். அந்தத் தகுதி பெற வேண்டுமானால் பலகைத் துண்டு 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் கிடந்தும் ஏடு பிரியாமல் வெளியே வர வேண்டும். மூன்று பகலும் மூன்று இரவும், யோனா தீர்க்கதரிசி மீன் வயிற்றில் கிடந்த அதே கணக்கு. யோனாவுக்காவது அடுப்பு மூட்டவில்லை. கப்பலுக்கென்று பிறந்த இப்பலகை கடலுக்கே போகாமல், கடலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு எங்கள் ஊர் அடுக்களைகளில் மிளகாய்த்தூள் டப்பாவைத் தாங்கி நிற்கிறது. அதே சமயம், அதே ஊர்க் கரையில் கடலுக்குப் போகிற வள்ளங்கள் எல்லாம் மரத்தை விட்டுக் கண்ணாடி இழைக்கு மாறிக்கொண்டு வருகின்றன. கடலுக்குப் போக வேண்டியது வீட்டுக்கும், வீட்டுக்கு வேண்டாதது கடலுக்கும் போய்விட்ட இந்த மாறாட்டத்தை ஒருவர் விரிவாக ஆராய வேண்டும், நான் அல்ல. பலகை மூன்று நாள் கொதித்தாலும் கம்பிக்கூடை கொதிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். எவர்சில்வர் என்று பொதுப்பெயரிட்டு விற்கும் கூடைகளில் 202 என்னும் மலிவு ரகம் உண்டு, 304 என்னும் நல்ல ரகம் உண்டு. கடற்காற்றில் முதலாவது சீக்கிரமே செம்புள்ளி விழுந்து அம்மை கண்டவனைப் போலாகிவிடும்.

இனி ஆசாரி. இந்தக் கரையில் படகு கட்டுகிற தச்சருக்கு ஓடாவி என்று தனிப்பெயரே உண்டு. ஏராவை வைத்து, வங்குகளை நிறுத்தி, ஒன்றுக்கும் ஒன்று ஒத்துவராத வளைவுகளின்மேல் நேரான பலகையை வளைத்துப் பொருத்துகிறவர்களுக்கு, விரிந்துபோன ஈசானிய மூலை ஒரு தோஷமே அல்ல. மைனியின் தகப்பனார் அழைத்துவந்த ஆசாரி அந்தப் பரம்பரையில் வந்தவர். அவர் அளவெடுத்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுவரை அளக்கவில்லை, முதலில் மைனியை நிற்கச் சொன்னார். அகப்பையைக் கையில் கொடுத்துக் குழம்பைக் கிண்டுவதைப் போலப் பாவனை செய்யச் சொல்லி, முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே, காதிலிருந்து எடுத்த பென்சிலால் சுவரில் ஒரு கோடு கிழித்தார். பிறகு நாடாவை வைத்துப் பார்த்தோம்: 31 அங்குலம். கடையில் பார்த்த பெட்டிகளோ 34 அங்குலத்துக்கு நின்றன. யாரோ ஒரு நெட்டையான பெண்மணிக்காகச் செய்த மேடையில் என் மைனி ஆயுள் முழுவதும் தோளைத் தூக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கியிருக்க வேண்டும் என்பதை அந்த மூன்று அங்குலம் சொல்லிற்று.

கதவுக்கு அவர் செய்த முறையும் கவனிக்கத்தக்கது. நாலு சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுத்து, நடுப்பலகையை அதற்குள் நுழைத்து, ஆணியும் அடிக்காமல் பசையும் வைக்காமல் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "மரம் மூச்சு விடணும்லா அண்ணாச்சி" என்றார். மரம் நீளவாட்டில் பெரும்பாலும் அசையாது, ரேகைக்குக் குறுக்கேதான் ஈரத்துக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும் என்று புத்தகங்கள் இரண்டு அத்தியாயத்தில் சொல்வதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, இழைப்புளியைத் தட்டிச் சுருளை உதிர்த்தார்.

மரத்தைப் பற்றி மட்டும் ஆசாரிகளின் வாய்ச்சொல்லைச் சப்தப் பிரமாணமாகக் கொள்ளக்கூடாது. எந்தத் தேக்கைக் காட்டினாலும் 'பர்மா' என்பார்கள். பர்மா தேசம் முழுத்தடிகளை ஏற்றுமதி செய்வதை 2014 ஏப்ரல் முதல் தேதியோடு நிறுத்திவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகிற தடிகள் வேறு தேசங்களிலிருந்து வருபவை. ஆகவே பர்மா என்பது இங்கே தேசத்தின் பெயரன்று, புகழுரை என்று கொள்வதே பொருத்தம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வைரமா, வெள்ளையா. வெளிறிய வெள்ளைப் பகுதி பர்மாவிலிருந்தே வந்தாலும் உளுத்துத்தான் போகும்.

இவ்வளவு சொல்லியும் ஆசாரியின் பக்கத்துக்கு ஒரு பெரிய களங்கம் உண்டு. அது 'நாளைக்கு' என்னும் சொல். இச்சொல் காலத்தைக் குறிப்பது என்று இலக்கணிகள் எழுதிவைத்திருப்பது பிழை. ஆசாரி வாயில் அது ஒரு நல்லெண்ணத்தைக் குறிக்கிறது. எங்கள் ஆசாரி பங்குனியில் முன்பணம் வாங்கினார். மற்றக் கீழ்ப்பெட்டிகளுக்குச் சட்டம் அடித்தார். அதற்குள் ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிற்று. ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. போகாத படகெல்லாம் கரையேறும். கரையேறிய படகெல்லாம் பழுது பார்க்கப்படும். பழுது பார்க்கத் தெரிந்த கைகள் ஊரில் சொற்பம். படகுக்காரர் பிழைப்பா, மைனியின் மிளகாய்த்தூளா என்று வந்தால் ஆசாரி எந்தப் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? தடைக்காலம் முடிந்து படகுகள் போயின. பிறகு உறவிலே ஒரு கல்யாணம். பிறகு கோயில் திருவிழா. அந்தப் பெட்டிகள் கதவில்லாமல், அதாவது போர்த்துகீசியருக்கு முந்திய நிலையில், ஐந்து மாதம் நின்றன.

இந்த ஐந்து மாதத்தில்தான், நானும் அண்ணனும் அவருடைய மாமனாரும் விவாதித்துக்கொண்டிருந்த பொருளுக்கும் அந்த வீட்டுச் சமையலுக்கும் உள்ள சம்பந்தம் எவ்வளவு மெல்லியது என்பதை நான் கண்டுகொண்டேன். மீன் மேடைக்கு வருவதே இல்லை. புறவாசலில், அருவாமணையைப் போட்டு உட்கார்ந்து, செதிலைச் சுரண்டி, கழுவி, சட்டிக்குள் போட்ட பிறகே அது உள்ளே நுழைகிறது. அம்மி புறவாசலில். தேங்காய் உடைப்பது புறவாசலில். உள்ளேயோ, அடுப்புக்கு வலப்புறம் சுவரில், இரண்டு பனங்கட்டை முளைகளின்மேல் ஒரு பலகை கிடக்கிறது. மைனியின் தகப்பனாருடைய பழைய வள்ளத்தை உடைத்தபோது எடுத்துவைத்த பலகை. நாலடி நீளம், ஓரடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். சுறா எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்திருக்கிறது. ஆணிப்பழுதுகளில் மரமுளை அடைத்திருப்பதை விரலால் தடவினால் தெரியும். அதன்மேல் புளிப்பானை, கருவாட்டுச் சட்டி, கல்லுப்பு போட்டு வைக்கிற பலாமரத்து மரவை.

அந்த மரவையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மைனியின் பாட்டி காலத்தது. காற்றோடு வந்து கீலைத் தின்கிற அதே உப்பைத் தன் வயிற்றிலேயே சுமந்துகொண்டு, இரண்டு தலைமுறையாக ஒரு வெடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறது; ஒட்டு இல்லை, விளிம்பு இல்லை, ஆணி இல்லை, ஒரே கட்டையில் குடைந்தது. தர்க்கத்தின் நாலு பிரமாணங்களில் உபமானம் ஒன்று பாக்கியிருந்தது. அது என் எதிரே உப்போடு இருந்தது. இதை ஒரு தத்துவமாக மைனியிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் அரைக் கைப்பிடி உப்பை எடுத்துக் குழம்பில் போட்டுவிட்டு, "தம்பி, நீங்க எழுதுறத எழுதுங்க. யாரு என்ன பெட்டி செஞ்சாலும் இந்தப் பலகை இங்கனதான் கிடக்கும்" என்றார். வழக்கின் உண்மையான வாதியை ஒருவரும் அதுவரை விசாரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகவே தீர்ப்பு. தொட்டியின் கீழேயும் அடுப்பின் பக்கத்திலும், ஈரம் படுகிற இடமெங்கும், ஆசாரி செய்கிற வைரம் பாய்ந்த மரச்சட்டமும் பித்தளைக் கீலும். மேலே, தண்ணீர் எட்டாத இடத்தில், அண்ணனின் ஆசைக்கு 710 பலகையில் கடைப்பெட்டி இரண்டு. அவற்றைச் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் புழங்க விட்டு மாட்டவும். தூள்பலகை எங்கும் வேண்டாம். வள்ளத்துப் பலகை இருந்த இடத்திலேயே இருக்கும். இதே வழக்கை மேற்கொள்ள இருக்கும் கரையோரத்துக் குடும்பஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை: ஆசாரியிடம் தை மாதத்திலேயே போய்விடுங்கள், முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், கீழ்ப்பெட்டிக் கதவுகளை ஏப்ரல் 15-க்கு முன்னால் மாட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.